வார்சினி செய்த அரண்மனைத் தோடு

எங்கள் சலதிகா ஊரில் பழஞ்சாமான் சந்தை ஐந்து நாளைக்கு ஒருமுறை, எங்கள் ஐந்து நாள் வாரத்தில் பாஹிங் என்கிற கிழமையன்று கூடும். மெர்பாபு மலைப் பனி விலகுவதற்குள் ஆட்கள் சாக்கு விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். சந்தை வாசலில் இஞ்சிச் சாறு விற்கிறவள் நான். கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம், உள்ளே நாலு மாவுருண்டை, மேலே கொஞ்சம் வேர்க்கடலை. அது தொண்டையில் இறங்காமல் எங்கள் ஊரில் காலையில் யாருக்கும் பேச்சு வராது. என் அடுப்பிலிருந்து மூன்றாவது சாக்கு வார்சினியுடையது. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி அவளே என் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னது.

வார்சினி முதன்முதலில் சந்தைக்கு வந்தது விற்க இல்லை, தேட. அதற்கு முன் பதினோரு வருஷம் வெளிநாட்டுக்குப் போகும் கைப்பைகளில் மணி கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் முதலாளி பட்டறையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அவளுக்கு மிஞ்சியது ஒரு மணிப்பையும், இரண்டு வெள்ளை மணிகளைக் காட்டினால் எது பால்வெள்ளை, எது எலும்புவெள்ளை என்று சட்டென்று சொல்லும் கண்ணும்தான். அந்த மாதமே ஒரு கல்யாண விருந்தில் அவள் காதிலிருந்த தோடு ஒன்று கழன்று தொலைந்தது. ஆட்டுக்கறிக் குழம்பு அண்டாவில் விழுந்தது என்று சிலர் சொன்னார்கள். அண்டாவைக் கவிழ்த்துப் பார்க்க முடியுமா? புருஷன் மர்வோதோ கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த தோடு அது. அவர் சிற்றுந்து ஓட்டுகிறவர். வண்டிக்குள் பாட்டை அலறவிட்டு, பயணி எங்கே இறங்க வேண்டும் என்று சொல்வதுகூடக் காதில் விழாதபடி ஓட்டுவார். அவருக்குத் தெரியக்கூடாது என்று பல நாள் கூந்தலைக் காதுமேல் இழுத்துவிட்டுக்கொண்டு திரிந்தாள். அவர் முதல் நாளே பார்த்துவிட்டார். எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறாள் என்று பார்ப்பதற்காகச் சும்மா இருந்தார்.

அதே மாதிரி ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டு கஸ்தியின் சாக்குக்கு வந்தாள். கஸ்தி எங்கள் சந்தையில் பெரிய கை. விளக்கு, வெண்கலம், தொப்பி, துப்பாக்கி உறை எல்லாம் வைத்திருப்பார். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஒற்றைத் தோடு இருந்தது.

“இதுல ஜோடி ஒண்ணுகூட இல்லையா அண்ணே?”

“ஜோடியா இருந்தா எங்கிட்ட ஏன் வருது? எல்லாம் கோவிச்சுக்கிட்டு வந்ததுங்க.”

டின்னைத் தன் மணிப்பைக்கு மாற்றாக வாங்கிப் போனாள். வீட்டில் பாயில் கொட்டிப் பார்த்தால் இருநூறுக்கு மேல். அவள் தொலைத்த தோட்டுக்கு இணை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கப் பார்க்க, இதற்கு ஒரு துணை செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. பாத்திரம் பற்றவைக்கிறவரின் கடை முன்னால் நாலு நாள் நின்று பார்த்துவிட்டு வந்து, பழைய பித்தளை, வெங்காரம், ஒரு ஊதுகுழல் என்று சமையற்கட்டில் ஆரம்பித்துவிட்டாள். முதல் வாரமே நெருப்பு முகத்தில் பாய்ந்தது.

மர்வோதோ சாயங்காலம் வந்து பார்த்து, “புருவம் எங்க போச்சு?” என்றார்.

“ஜோடியாத்தான் போச்சு. கவலைப்படாதீங்க” என்றாளாம்.

அன்றுதான் தோடு தொலைந்த கதையையும் சொன்னாள். “தெரியும். குழம்புல ருசி கூடுதலா இருந்துச்சே” என்றார் அவர்.

அவள் வேலையில் ஒரு விசேஷம் உண்டு. ஒற்றைத் தோட்டை அச்சடித்தாற்போல் இன்னொன்று செய்ய மாட்டாள். இதில் சிவப்புக் கண்ணாடி என்றால் அதில் மாதுளை நிறம். இதில் ஆறு இதழ் என்றால் அதில் ஐந்து. கேட்டால், “கூடப்பொறந்ததா இல்லாட்டி என்ன, ஒண்ணுவிட்ட தங்கச்சியா இருந்தாப் போதும். முகச்சாயல் வேணும், அவ்வளவுதான்” என்பாள். கல்லூரிப் பெண்களுக்கு அது பிடித்துப்போயிற்று. சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து குந்தி, ஆளுக்கொரு ‘ஒண்ணுவிட்ட’ ஜோடி வாங்கிப் போவார்கள். பழைய பொத்தானில் மோதிரம், உடைந்த பீங்கானில் பதக்கம், கடிகாரச் சக்கரத்தில் கொண்டை ஊசி என்று அவள் சாக்கு பெரிதாகிக்கொண்டே போனது.

மூன்று தட்டு வைத்திருந்தாள். நீலத் தட்டில் இருப்பது நிஜமாகவே பழசு. வெள்ளைத் தட்டில் இருப்பது அவள் புதிதாகச் செய்தது. விளிம்பு உடைந்த தட்டில் இருப்பது கலப்பு. வருகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

கஸ்திக்கு அது பொறுக்காது. “நீ சாமான் விக்கிறியா, வாக்குமூலம் குடுக்கிறியா? கேக்காதவங்கிட்டயும் ஏன் சொல்ற?”

“உங்க சாமான் பேசாது அண்ணே. அதனால நீங்க பேசுறீங்க. என்னோடது பேசுறதுக்கு முந்தி நான் சொல்லிடணும்.”

கஸ்தியின் வியாபார ரகசியம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வீட்டில் பதினாலு வாத்து. வாத்துக் கொட்டிலில் புது வெண்கலத்தை உப்புப் போட்டுப் புதைத்து நாற்பது நாள் கழித்துத் தோண்டினால், இருநூறு வருஷத்துப் பச்சை ஏறியிருக்கும். சந்தைக்காரர்கள் அவரிடம், “அண்ணே, இது எந்தக் காலத்துச் சாமான்? முதல் வாத்து காலமா, ரெண்டாம் வாத்து காலமா?” என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது பக்கத்தில் நின்றால் மட்டும் கேட்க மாட்டோம். அது சந்தை மரியாதை.

இப்படியிருக்கையில் ஒரு மழைக்காலத்தில் வார்சினிக்கு ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை கிடைத்தது. மூர்தினிங்சி என்ற மருத்துவச்சியின் வாசலில் நாற்பது வருஷம் தொங்கியது. அந்த அம்மாள் ஓய்வெடுத்துக்கொண்டதும் பிள்ளைகள் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். பெயரும், ‘பார்க்கும் நேரம்: மாலை 4 முதல் 6 வரை’ என்பதும் ஆழமாக வெட்டியிருந்தது. தகடு அவ்வளவு நல்ல தகடு. அதைப் பார்த்ததும் விற்பதற்காக என்றில்லாமல், தன் கை எதுவரை எட்டும் என்று பார்ப்பதற்காக ஒரு ஜோடி செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் போடுகிற பெரிய தோடு. பூப்போல விரிந்த முகம், பின்னால் குமிழ்போல ஒரு மூடி, தண்டு, திருகு. சரவிளக்கிலிருந்து விழுந்த கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்து வைரம்போல் பட்டை தீட்டினாள். ஒவ்வொன்றிலும் பத்தொன்பது துண்டு. கண்ணாடிக்குச் சூடு ஆகாது என்பதால் பின்மூடியைப் பற்றவைக்காமல் விளிம்பை மடித்தே பூட்டினாள். மூடியின் உட்பக்கம் பலகையின் எழுத்து அப்படியே இருந்தது. அதை அரத்தால் எடுத்தால் தகடு மெலிந்துவிடும். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

பதினோரு நாள் வேலை. முடித்ததும் என் பெஞ்சில் வைத்துக் காட்டினாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“போட்டுப் பாரேன்” என்றேன்.

“எனக்கு எதுக்கு அக்கா? இதப் போட்டுக்கிட்டு நான் எங்க போறது, மீன் வாங்கவா?”

வெள்ளைத் தட்டில் வைத்தாள். மூன்று சந்தை வரை யாரும் வாங்கவில்லை. புதுசு என்று சொல்லிவிட்டால் அந்த விலைக்கு யார் வாங்குவார்? கடைசியில் கஸ்தி, “என் மருமகளுக்குப் பிறந்த நாள் வருது” என்று சொல்லி, நல்ல விலைக்கே வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு மருமகளே இல்லை என்பது அன்று சாயங்காலம்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

ஏழு மாதம் போயிற்று. ஒரு பாஹிங் அன்று செமாராங் நகரத்திலிருந்து இபு குசுமா, அதாவது குசுமா அம்மா, வந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டரின் மனைவி. பழம்பொருள் சேர்ப்பவர், கஸ்திக்கு வருஷத்து அரிசி போடும் வாடிக்கை. அன்று கஸ்தியிடம் தலையாட்டிவிட்டு நேராக வார்சினியின் சாக்குக்கு வந்து, பட்டுத்துணியைப் பிரித்தார்.

“உன் கை நல்ல கைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு கல்லு ஆடுது பாரு. இத யாருகிட்டயும் குடுக்க எனக்குப் பயம். நூத்திமுப்பது வருஷத்து நகை. அரண்மனையில மூணாவது ராணி போட்டது. அவளுக்கும் பெரிய ராணிக்கும் ஆகாது. எப்பவும் அழுதுக்கிட்டே இருப்பாளாம், இத மட்டும் காதுலேருந்து கழட்டவே மாட்டாளாம். அடுத்த மாசம் எங்க சங்கத்துல கண்காட்சி. நான் இதப் போட்டுக்கிட்டுப் போறேன்.”

வார்சினி குனிந்து பார்த்தாள். பச்சை ஏறியிருந்தாலும் பெற்ற பிள்ளையை அம்மாவுக்குத் தெரியாதா? நிமிர்ந்தாள். இபுவின் முதுகுக்குப் பின்னால் கஸ்தி, வாயில் விரலை வைத்து, பிறகு கையைக் கூப்பி, பிறகு ஏதோ கோழி அறுப்பதுபோல் கழுத்தில் கையை இழுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

“அஞ்சு நாள் குடுங்க இபு. அடுத்த பாஹிங்குக்குத் தரேன்” என்றாள்.

அன்று அவள் என் பெஞ்சுக்கு வந்து இரண்டு கிண்ணம் குடித்தாள். முகம் கோபமாகவும் இல்லை, சோகமாகவும் இல்லை. கன்னம் மட்டும் சிவந்திருந்தது.

“அக்கா, நெஜத்தச் சொல்லட்டுமா? நூத்திமுப்பது வருஷம்னு அந்தம்மா சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. என் வேலை அரண்மனை வேலையா நிக்குதே. அப்புறம் அந்த மூணாவது ராணி மேல வந்துச்சு பாருங்க ஒரு எரிச்சல். இல்லாத ஒருத்தி. நான் பதினோரு நாள் குனிஞ்சு உக்காந்து முதுகு ஒடிஞ்சேன், பேரு அவளுக்குப் போகுது.”

வீட்டில் மர்வோதோவிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, “சொன்னா அந்தம்மா அழும், சொல்லாட்டி நீ அழுவ. எனக்கு அந்தம்மாவத் தெரியாது” என்றார். வார்சினிக்கு அதுவே போதுமாயிருந்தது.

மறுநாள் கஸ்தி அவள் வீட்டுக்கு வந்தார். கையில் உயிரோடு ஒரு வாத்து.

“எதுக்குண்ணே இது?”

“சும்மா. உம் மூஞ்சி வாடியிருந்துச்சு. வாத்துக்கறி ஒடம்புக்கு நல்லது.” பிறகு உட்கார்ந்து, நிஜமான குரலில் பேசினார். “வார்சி, அந்த இபுவப் பாரு. எத்தனை சந்தோஷமா இருக்காங்க. நான் வித்தது வெறும் தோடா? கதையோட வித்தேன். அந்தக் கதைய அவங்க எத்தனை விருந்துல சொல்லியிருப்பாங்க. அதப் போய் நீ புடுங்கலாமா? அது பாவமில்லையா?”

“கதையில என் பேரு இல்லையே அண்ணே.”

“பேரா? பேர வச்சு என்ன பண்ணப்போற?”

அவள் வாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். திருப்பிக் கொடுப்பதற்குள் அது மணிப்பெட்டிக்குள் ஏறி ஒரு முட்டை இட்டுவிட்டது. முட்டையையும் கையோடு கொடுத்தனுப்பினாள்.

அடுத்த பாஹிங் அன்று இபு குசுமா இரண்டு தோழிகளோடு வந்தார். ஒருவர் குட்டை, மற்றவர் குடை வைத்திருந்தார். மூவரும் வார்சினியின் முன்னால் நின்றார்கள். சந்தையில் ஆளுக்கு ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும்.

வார்சினி எழுந்து நின்றாள். “இபு, கல்ல இறுக்கிட்டேன். ஒரு விஷயம் சொல்லணும். இது நான் செஞ்சது. போன வருஷம் மழைக்காலத்துல, என் சமையக்கட்டுல.”

இபு சிரித்தார். “இந்த வித்தையெல்லாம் எனக்குத் தெரியும்மா. புதுசுன்னு சொல்லி என்னை மனசு விட வச்சு, மலிவா வாங்கிக்கலாம்னு பாக்கற. முப்பது வருஷமா சந்தை சுத்தறவ நான்.”

“இல்ல இபு.”

“ஒன் வயசென்ன, இந்த வேலைப்பாடு என்ன? இப்படிச் செய்யறதுக்கு இப்ப யாருக்குக் கை இருக்கு?”

அந்த வார்த்தைதான் அவளைத் தூக்கிவிட்டது. அவமானப்படுத்தியதா புகழ்ந்ததா என்று அவளுக்கே விளங்கவில்லையாம். சின்னக் கத்தியை எடுத்து, “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி, இடது தோட்டின் பின்மூடி விளிம்பை நெம்பித் திறந்தாள். மூடி உள்ளங்கையில் கவிழ்ந்து விழுந்தது. குடைக்காரத் தோழி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“மாலை 4.”

வார்சினி வலது தோட்டையும் திறந்தாள்.

“6 வரை” என்று படித்தார் தோழி. “குசுமா, உன் மூணாவது ராணி சாயங்காலம் நாலுலேருந்து ஆறுவரைக்கும்தான் அழுவாளாம்.”

குட்டைத் தோழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரைத் தொடர்ந்து மீன்வலை விற்கிறவர், பழைய தட்டு விற்கிறவர், சத்தியமாகச் சொல்கிறேன், நானும். நாங்கள் சிரித்திருக்கக்கூடாது. இபு குசுமாவின் முகம் சாம்பலாகிவிட்டது. திரும்பிக் கஸ்தியின் சாக்கைப் பார்த்தார். சாக்கு இருந்தது, சாமான் இருந்தது, கஸ்தியின் தொப்பிகூட இருந்தது. கஸ்தி மட்டும் இல்லை. இபு தோடுகளைத் தொடாமல் காருக்குப் போய்விட்டார்.

வார்சினி உட்கார்ந்துவிட்டாள். ஜெயித்தவள் முகமாக அது இல்லை. நான் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். வாங்கி வைத்துக்கொண்டு ஆறவிட்டாள்.

“நாலு பேரு முன்னால சொன்னது தப்பு அக்கா. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். என் பேரு பெருசுன்னு அவங்க பேரக் கெடுத்துட்டேன்.”

அதன் பிறகு அவளுக்கு நாள் சரியில்லை. சந்தைக்காரர்கள் அவளுக்கு ஒற்றைத் தோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். “ஒரு வாயி மொத்தச் சந்தையையும் மூடிடுச்சு. இனி எந்த ஊர்க்காரன் வந்தாலும் மூடியத் தொறந்து காட்டுங்கறான்” என்று தட்டுக்காரர் அவள் காதுபடவே சொன்னார். கஸ்தி சந்தைப் பக்கமே வரவில்லை. மாமியார் ஊரில் வாத்துகளோடு தங்கியிருப்பதாகக் கேள்வி. வார்சினி தன் மூன்று தட்டையும் விரித்துக்கொண்டு, வீட்டுப் பொத்தான் டப்பாவில் இருந்ததை வைத்தே ஏதோ செய்தாள். அரண்மனைத் தோட்டை மட்டும் எந்தத் தட்டிலும் வைக்கவில்லை. அது அவளுடையது இல்லை, இபுவுடையதும் இல்லை என்றாள்.

நாலாவது வாரம், சந்தை இல்லாத ஒரு நாள், மர்வோதோவின் வண்டியில் ஒரு அம்மாள் ஏறினார். நல்ல சேலை, காலில் சேறு. பேருந்து நிலையத்திலிருந்து விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார்.

“தம்பி, அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறைக்கிறியா? தோடு செய்யற வார்சினி வீடு தெரியுமா?”

மர்வோதோ பாட்டை அணைத்தார். அந்த வண்டியில் பாட்டு நின்றது அதுதான் முதல் தடவை என்று அதில் இருந்த கீரைக்காரி சொன்னாள். “தெரியும் இபு. ஏன், அடிக்கப் போறீங்களா?”

“அத அவகிட்டத்தான் சொல்லுவேன்.”

“அப்ப நானும் வரணும். அவ எம் பொண்டாட்டி.”

வழித்தடத்தை விட்டு, கீரைக்காரியும் இரண்டு பள்ளிக்கூட வாத்தியார்களும் உள்ளே இருக்க, வண்டி வார்சினியின் வீட்டு வாசலில் போய் நின்றது. யாரும் இறங்கிப் போகவில்லை. என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

இபு குசுமா உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். வார்சினி பேச வாயெடுத்தாள். இபு கையைக் காட்டி நிறுத்தினார்.

“மொதல்ல நான். மூணு நாள் நான் சாப்பிடல. நாலாம் நாள் எம் புருஷங்கிட்ட சொன்னேன். வேலைய விட்டதுலேருந்து அந்த மனுஷன் வாயத் தொறந்ததில்ல. மாலை நாலுன்னு சொன்னதும் சிரிச்சார் பாரு, பல்செட்டு கழண்டு விழுந்துடுச்சு. பல் டாக்டருக்குப் பல்செட்டு. அதப் பாத்து எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சரி, இப்பச் சொல்லு. நெஜமாவே நீதான் செஞ்சியா?”

“நான்தான் இபு. அன்னிக்கு எல்லாரு முன்னாலயும்…”

“அத விடு. எத்தனை நாள் ஆச்சு?”

“பதினோரு நாள்.”

“அந்தக் கண்ணாடிய எதுல தீட்டின?”

வார்சினி காட்டினாள். அம்மிக்கல்லின் முதுகு, அதன்பின் சாம்பல், அதன்பின் மூங்கில் இலை. இபு ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் நகை வாங்கியவர், நகை செய்கிற இடத்தில் உட்கார்ந்தது அன்றுதானாம்.

“யாரு காதுக்கு அளவெடுத்த?”

“என் காதுக்குத்தான். வேற காது வீட்டுல ஏது?”

“போடு பாக்கலாம்.”

வார்சினி வாத்துப் பச்சையைப் புளி போட்டுத் துலக்கி எடுத்து வைத்திருந்தாள். தயங்கித் தயங்கிப் போட்டுக்கொண்டாள். வாசலில் நின்ற மர்வோதோ தலையைச் சொறிந்தார். கீரைக்காரி, “அடியே, ராணி மாதிரி இருக்கடி” என்றாள்.

இபு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இன்னும் நல்லா இருக்கும். கழட்டு” என்று கையை நீட்டினார்.

வார்சினி சிரித்த சிரிப்பில் வண்டிக்குள் இருந்த வாத்தியார்களும் இறங்கி வந்துவிட்டார்கள்.

கண்காட்சிக்கு இபு அந்தத் தோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனார். வலது தோட்டின் மூடியை மட்டும் எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் தனியாக வைத்து, பக்கத்தில் ஒரு சீட்டு: ‘செய்தவர்: வார்சினி, சலதிகா. வயது: ஒன்பது மாதம். முன்பு மருத்துவச்சியின் வாசலில் இருந்தது.’ சங்கத்தில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பழம்பொருள் கண்காட்சியில் புதுப்பொருளா என்று ஒருவர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் மற்ற பெட்டிகளை விட்டுவிட்டு அங்கேயே நின்றார்கள். வார்சினியும் போயிருந்தாள். தன் பெயரை அச்செழுத்தில் பார்த்துவிட்டு வந்து என்னிடம், “என் பேருல இத்தனை எழுத்து இருக்குன்னே எனக்குத் தெரியாது அக்கா” என்றாள்.

கஸ்தி திரும்பி வந்த அன்று சந்தையே வேடிக்கை பார்த்தது. இபு குசுமா முன்னமே வந்து அவர் சாக்கு விரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். திட்டினார், நன்றாகவே திட்டினார். ஒரு கட்டத்தில் கஸ்தி தொப்பியைக் கழற்றித் தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். வாங்கிய பணத்துக்கு ஈடாக அவர் சாக்கிலிருந்து நிஜமான பழைய விளக்கு ஒன்றை இபு எடுத்துக்கொண்டார். எது நிஜம் என்று காட்டிக்கொடுத்தது வார்சினி. கஸ்தி அவளைப் பார்த்து, “பாவி, இருந்தது ஒண்ணே ஒண்ணு” என்றார். ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம் அவராகவே ஒரு டின் ஒற்றைத் தோட்டைக் கொண்டுவந்து அவள் சாக்கு ஓரத்தில் வைத்துவிட்டு, மழை வருமா என்று என்னைக் கேட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இளகினார்கள். அவளைத் தேடி வருகிற கூட்டம் தங்கள் சாக்கையும் தாண்டித்தானே போக வேண்டும்.

இப்போது வார்சினிக்குத் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. நீலத் தட்டில் இருப்பதைவிட வெள்ளைத் தட்டில் இருப்பதுதான் முதலில் தீர்கிறது. மாதம் ஒருமுறை அவளும் இபு குசுமாவும் சேர்ந்து வெளியூர்ச் சந்தைகளுக்குப் பழசு வாங்கப் போகிறார்கள். மர்வோதோதான் வண்டி. போகும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். இபுவுக்கு எதைப் பார்த்தாலும் ஆசை முகத்தில் தெரிந்துவிடும். உடனே கடைக்காரன் விலையை ஏற்றிவிடுவான். அதனால் வார்சினி அவரை வாசலிலேயே இறைச்சி உருண்டைக் கடையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போவாள்.

போன வாரமும் அப்படித்தான். இபு மூன்றாவது கிண்ணம் சாப்பிட்டுக்கொண்டே மர்வோதோவிடம் முறையிட்டிருக்கிறார்.

“ஒம் பொண்டாட்டி என்னை இப்படி வெளியிலயே உக்கார வைக்கிறாளே, இது நியாயமா?”

“உங்களுக்குப் பரவாயில்ல இபு. கல்யாணம் ஆன பதினெட்டு வருஷமா நான் வெளியிலதான்” என்றாராம் அவர். “இன்னொரு கிண்ணம் சொல்லட்டுமா?”